குஜராத்தின் படிக்கிணறுகளும் பழைய நகரமும்

(கல்லூரி மாணவர்களும் பயிற்சி பெறும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தொன்மைச் சின்னங்களைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர் சிற்ப அழகை வியந்து, கட்டிய மன்னரின் பெயரைக் கேட்டறிந்து திரும்பிவிடுகின்றனர். எந்தத் தேவைக்காக அக்கட்டடம் எழுந்தது என்று கேட்போர் சிலரே. குஜராத்தில் பயணம் செய்வோர் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. ஆண்டில் சில மாதங்களே மழை பெறும் அப்பகுதியில், கட்டடக் கலையின் சிறந்த படைப்புகள் பல, நீரைச் சேமிக்கும் முயற்சியிலிருந்து பிறந்தவை.

மண்ணுக்குள் ஒரு மாளிகை

சோலங்கி மன்னர்களின் தலைநகராக விளங்கிய பாடன் நகரில் 'ராணி கி வாவ்' என்னும் படிக்கிணறு உள்ளது. முதலாம் பீமதேவனின் அரசி உதயமதி 11-ஆம் நூற்றாண்டில் இதனை எழுப்பினார். ஏறத்தாழ 65 மீட்டர் நீளமும், 27 மீட்டர் ஆழமும், ஏழு தளங்களும் உடையது. கோடையில் நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும் மக்கள் படியிறங்கிச் சென்று நீர் முகக்கலாம். 500-க்கு மேற்பட்ட பெரிய சிற்பங்கள் சுவர்களை அணி செய்கின்றன. சரசுவதி ஆற்றின் வெள்ளம் கொணர்ந்த வண்டல் பல நூற்றாண்டுகள் இதனை மூடியிருந்தது. அந்த வண்டலே சிற்பங்களைக் காத்தது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 1980-களில் வண்டலை அகற்றிச் சீரமைத்தது. 2014-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2018-இல் வெளியான நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் நீங்கள் காணும் படம் இதுவே.

அகமதாபாத்துக்கு அருகிலுள்ள அடாலஜ் படிக்கிணறு 1499-இல் முடிவுற்றது. சுல்தான் மகமூது பேகடாவின் ஆட்சியில், வாகேலா குலத்து அரசி ரூடாபாயின் கொடையாக எழுந்த இக்கிணற்றில் வடமொழிக் கல்வெட்டு உள்ளது. ஐந்து தளங்களும் வழிப்போக்கருக்கு நிழலும் குளிர்ச்சியும் தந்தன. நீர்க்கொடை சமயங்களைக் கடந்த அறமாகப் போற்றப்பட்டதற்கு இது சான்று.

மக்கள் வாழும் மரபு

அகமதாபாத் 1411-இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம். மதிலுக்குட்பட்ட பழைய நகரம் 2017-இல் உலக மரபு நகரமாயிற்று. மாநகராட்சி 1997-இல் தொடங்கிய மரபு நடைப்பயணம், காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் புறப்பட்டு, 1424-இல் முடிவுற்ற ஜும்மா மசூதியில் நிறைவுறுகிறது. இடைவழியில் 'போள்' எனப்படும் குறுகிய குடியிருப்புத் தெருக்களையும், மரச் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த வீடுகளையும் காணலாம். முற்றத்தின் அடியில் சுண்ணச் சாந்து பூசிய தொட்டிகள் அமைத்து, கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்துப் பருகினர். இன்று நாம் சட்டமியற்றி வற்புறுத்தும் மழைநீர் சேகரிப்பு, அன்று வீடு கட்டும் முறையிலேயே அடங்கியிருந்தது.

ஆனால் மரவீட்டைப் பழுதுபார்க்கும் செலவு மிகுதி. அதனை இடித்து வணிகக் கட்டடம் எழுப்பினால் வருவாய் கிடைக்கும். இந்நிலையில் உரிமையாளரைக் குறை கூறிப் பயனில்லை. மரபு வீட்டைக் காப்போர், தாம் பயன்படுத்தாத கட்டட உரிமையைப் பிறருக்கு விற்க வகைசெய்யும் விதி அந்நகரில் உண்டு. பாதுகாப்பின் சுமையைச் சமூகமும் பகிர வேண்டும் என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது.

நாம் கற்க வேண்டுவது

பழமை அனைத்தையும் அப்படியே மீட்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மக்கள் நீரில் கால் வைத்து இறங்கும் கிணறுகள் வழியே நரம்புச்சிலந்தி நோய் பரவியது. அவற்றை மூடியும், இறைகிணறுகளாக மாற்றியும், நீரை வடிகட்டிப் பருகச் செய்தும் அந்நோயை ஒழித்தோம். 2000-இல் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. எனினும் குழாய்நீர் வந்தபின், நிலத்தடி நீரைப் பேணும் பொறுப்பையும் நாம் கைவிட்டோம். வட குஜராத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகப் பெருக நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தது. சிற்பங்களைக் காத்தோம், அச்சிற்பங்கள் எந்த நீருக்காகச் செதுக்கப்பட்டனவோ அந்த நீரைக் காக்கத் தவறினோம்.

ஆகவே மாணவர்கள் அங்குச் செல்லும்போது, படிகளின் அழகோடு நீர் வந்த வழியையும் கேட்டறிய வேண்டும். அலுவலர்கள் தத்தம் மாவட்டத்திலுள்ள பழைய குளம், கிணறு ஆகியவற்றின் வரத்துக் கால்வாய்களைக் கணக்கெடுத்து, ஆக்கிரமிப்பை நீக்கி, அவற்றை நீர் ஊறும் இடங்களாகவேனும் பயன்படுத்த முன்வர வேண்டும். அதுவே உதயமதிக்கும் ரூடாபாய்க்கும் நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.