தாய்ப்பாலில் கலந்து வரும் காவல்



கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்க்குச் சளியோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால், "பால் கொடுக்காதே, பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று தடுப்போர் இன்றும் உண்டு. மருத்துவ அறிவியல் சொல்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

மனித இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை 'பி' அணுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் தங்கி, கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உருவாக்குவது இவற்றின் வேலை. ஆனால், இவை அந்த உறுப்புகளிலேயே முடங்கிக் கிடப்பதில்லை. குடல், நுரையீரல் எனக் கிருமி நுழையும் வாசல்களிலும் காவல் இருக்கின்றன. பிள்ளை பெற்ற தாயின் மார்பும் இவற்றின் பணியிடமாகிறது.

அது எப்படி? வீட்டில் உள்ள கிருமிகள் உணவோடும் நீரோடும் தாயின் குடலுக்குள் போகின்றன. குடல் சுவரில் உள்ள 'பி' அணுக்கள் அவற்றை அடையாளம் கண்டுகொள்கின்றன. பாலூட்டும் காலத்தில், இந்த அணுக்களில் ஒரு பகுதி இரத்தத்தின் வழியே மார்புக்குச் சென்று, பால் சுரப்பிகளின் அருகில் தங்குகின்றன. சுரப்பிகள் வெளியிடும் 'சிசிஎல்28' எனும் புரதமே அவற்றை அங்கே அழைக்கிறது. அங்கு அவை உருவாக்கும் 'ஐஜிஏ' ஆன்டிபாடிகள் பாலில் கலந்து, குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் கிருமிகள் ஒட்டாமல் தடுக்கின்றன. முதல் சில நாள்களில் சுரக்கும் சீம்பாலில் இவை மிக அதிகம்.

ஆக, குழந்தை வளரும் அதே வீட்டின் கிருமிகளுக்கென்றே தயாரான பாதுகாப்பு இது. பால்மாவு டின்னில் இதை அடைத்துத் தர முடியாது. சாதாரணச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால், தாய் கைகளை நன்றாகக் கழுவி, முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம். எச்ஐவி போன்ற சில நோய்கள் இருந்தாலோ, சில மருந்துகளை உட்கொண்டாலோ மருத்துவரின் ஆலோசனை அவசியம்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மலேசியாவில் தனியார் துறைப் பெண்களின் பிரசவ விடுமுறை, 2023 ஜனவரி 1 முதல் 60 நாள்களிலிருந்து 98 நாள்களாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். எனினும், 6 மாதம் நிறைவடைய இன்னும் குறைந்தது 80 நாள்கள் இருக்கின்றனவே!

அந்த நாள்களில் வேலையிடத்தில் பால் எடுக்க ஒரு சுத்தமான அறை, அதைப் பத்திரப்படுத்த ஒரு குளிர்பதனப் பெட்டி, கொஞ்சம் நேரம் ஆகியவை போதும். வீட்டில் கணவரும் மாமியாரும் வேலைகளைப் பகிர்ந்துகொண்டால் தாய்க்குப் பெரும் உதவி. தாயின் உடல் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. மற்றவர்களும் செய்ய வேண்டாமா? சிந்திப்போம்.