பழைய காரும் புதிய மின்னூற்றும்

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் செல்வதற்குத் தடை இருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து, மிதியைச் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட குடும்பங்கள் பல. ஒருவர் களைத்தால் மற்றொருவர் சுழற்றினார். மிதி தளர்ந்தபோது வானொலியின் குரலும் தளர்ந்தது. அதே காலத்தில் ஒஸ்ரின் ஏ 40 முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. மின்னைப் பிறப்பிப்பதும், அதனைக் கம்பி வழியே சிந்தாமற் கொண்டுசெல்வதும், சேமித்துவைப்பதும் எத்துணைப் பெறுமதி வாய்ந்தவை என்பதை அம்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

துவிச்சக்கர வண்டியின் அச்சிறு கருவிக்கு டைனமோ என்று பெயர் வழங்கினும், உண்மையில் அது ஒல்ரனேற்றர் இனத்தைச் சேர்ந்ததாகும். அதனுள்ளே காந்தம் சுழல்கின்றது, கம்பிச்சுருள் அசையாது நிற்கின்றது, பிறப்பது ஆடலோட்டம். பழைய கார்களின் டைனமோவோ இதற்கு மாறானது. அங்கே காந்தப்புலம் நிலையாக நிற்க, கம்பிச்சுருள் சுழல்கின்றது. பிறந்த மின் முழுவதும் செம்புத் திசைமாற்றியின் வழியாகவும் காபன் தூரிகைகளின் வழியாகவுமே வெளிவர வேண்டும். ஆதலின் அதனை மிக விரைவாகச் சுழற்றவும் இயலாது. மெல்லச் சுழலும்போது அதனிடமிருந்து போதிய மின் பெறவும் இயலாது.

இவ்வேறுபாட்டை மொறிஸ் மைனர் காரை உதாரணமாகக் கொண்டு விளக்கலாம். 1948ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டு வரை பிரித்தானியாவில் உற்பத்தியான இக்கார், 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையில் வெளிவந்தது. இலங்கையில் அது இன்றும் ஓடுகின்றது. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழிவிடப்படும் வரை, இத்தகைய பழைய வண்டிகளைப் பேணுவோர் தொகை குறையவில்லை.

மைனரின் பிற்கால வகைகளில் இருந்த லூக்கஸ் சீ 40 டைனமோ, மிகக் கூடியதாக 22 அம்பியர் தரவல்லது. அக்காலத் தேவைக்கு அது போதியதாயிருந்தது. ஆனால் இன்றோ உரிமையாளர் பழைய முன்விளக்குகளை நீக்கி, ஒவ்வொன்றும் 55 வாற்று கொண்ட புதிய குமிழ்களைப் பொருத்துகின்றார். அவ்விரண்டுமே ஏறத்தாழ 9 அம்பியரை எடுத்துக்கொள்கின்றன. மழைத் துடைப்பான், சிறு விளக்குகள், எரிபற்றல் ஆகியவற்றைக் கூட்டினால் தேவை 16 அல்லது 17 அம்பியராகின்றது. வானொலியும் மின்விசிறியும் சேர்ந்துவிட்டால் டைனமோவின் எல்லை எட்டப்படுகின்றது.

மாரிகாலத்து இரவொன்றில், காலி வீதியில் நெரிசலின் நடுவே அவ்வண்டி ஊர்ந்து செல்வதாகக் கொள்வோர் இதன் விளைவை உணர்வர். எஞ்சின் மெல்ல ஓடுகையில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை. செலவு முழுவதும் பற்றரியின் தலையில் விழுகின்றது. விளக்கு மங்குகின்றது, துடைப்பான் சோர்கின்றது, நின்ற எஞ்சினை மீண்டும் இயக்க ஸ்ராட்டருக்கு வலுவில்லாது போகின்றது.

இங்கேதான் ஒல்ரனேற்றர் உதவுகின்றது. லூக்கஸ் 17 ஏ.சீ.ஆர். என்னும் வகை 36 அம்பியர் தரவல்லது. அதன் கப்பி சிறியதாதலால் எஞ்சின் மெல்ல ஓடும்போதும் அது விரைந்து சுழல்கின்றது. முதன்மை மின் அசையாச் சுருளிற் பிறப்பதால், தூரிகைகள் காந்தத்தை ஊட்டும் சிறு மின்னை மாத்திரமே சுமக்கின்றன. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் இருவாயிகளும், அழுத்தத்தை 14 வோல்ற்று அளவிற் கட்டுப்படுத்தும் கருவியும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன.

ஆயினும், பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டியவுடன் வேலை முடிந்துவிட்டது என எண்ணுவதே பெருந்தவறாகும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. 22 அம்பியருக்கென இடப்பட்ட கம்பியில் 36 அம்பியரைச் செலுத்துவது விரலைக் கடந்த வீக்கமாகும். கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 2 மீற்றர் நீளமும் 2.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்பும் உடைய செப்புக் கம்பியில் 36 அம்பியர் ஓடினால், அரை வோல்ற்று வழியிலேயே அழிகின்றது. 18 வாற்று வெப்பம் உண்டாகின்றது. அதே நீளத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் கம்பியை இட்டால் இழப்பு 0.2 வோல்ற்றாகக் குறைகின்றது.

அரை வோல்ற்று அற்பம் எனத் தோன்றலாம். ஆனால் ஓய்விலிருக்கும் பற்றரி நிறைந்திருக்கையில் 12.7 வோல்ற்றும், பாதி வெறுமையாகையில் 12.2 வோல்ற்றுமே காட்டுகின்றது. அதன் வாழ்வும் தாழ்வும் அந்த அரை வோல்ற்றுக்குள்ளேயே அடங்கியுள்ளன.

இழப்பினும் கொடியது தீ. மைனரில் இருந்த உருகிகள் இரண்டே. முன்விளக்குகளுக்கோ, எரிபற்றலுக்கோ, பற்றரியிலிருந்து வரும் முதன்மைக் கம்பிக்கோ உருகி இல்லை. முற்பட்ட வண்டிகளில் கம்பியின் காப்பு இறப்பரும் பருத்தி நூலுமேயாகும். பல்லாண்டு வெப்பத்தினால் அது வெடித்து உதிர்கின்றது. அத்தகைய கம்பி உடற்றகட்டைத் தொட்டால் அதனைத் தடுப்பார் எவருமில்லை. அருகே பெற்றோற் குழாயும் உண்டு. ஆதலின் ஒல்ரனேற்றரிலிருந்து ஸ்ராட்டர் ஆளியின் பற்றரிப் பக்க முனைக்குப் புதிய தடித்த கம்பி நேராகச் செல்லுதல் வேண்டும். பற்றரி அணித்தான முனையில் 50 அம்பியர் உருகி ஒன்று இருத்தல் வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடந்தோறும் இறப்பர் வளையம் வேண்டும்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது முனைவு. மைனரில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மேற்கூறிய ஒல்ரனேற்றருக்கோ மறைமுனை உடலோடு சேர வேண்டும். மறந்து மாற்றி இணைத்தால் இருவாயிகள் ஒரு கணத்தில் அழியும். பற்றரியைத் திருப்பும்போது எரிபற்றற் சுருளின் இரு சிறு கம்பிகளையும் இடம்மாற்றுதல் வேண்டும். பழைய வானொலி இருப்பின் அதனை முன்னரே கழற்றிவிடுதல் நன்று. ஸ்ராட்டரைப் பற்றிய அச்சம் வேண்டாம். அதன் காந்தச் சுருளும் சுழலுஞ் சுருளும் ஒருங்கே திசை மாறுவதால் அது முன்போலவே சுழலும். பற்றரியின் நேர்முனைத் தூண் பருமன் கூடியது. ஆகவே கவ்விகளையும் மாற்ற நேரும்.

பலரும் மறந்துவிடுவது திரும்பும் வழியாகும். சென்ற மின் பற்றரிக்கு மீள வேண்டும். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கின்றது. இறப்பர் மின்னைக் கடத்தாது. எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பின்னற்பட்டி துருவேறி அறுந்துவிட்டால், ஸ்ராட்டர் வேண்டும் நூற்றுக்கணக்கான அம்பியர் மின் வேறு வழி தேடும். சோக் இழுக்கும் மெல்லிய கம்பி வடம் சூடேறிப் புகைந்ததன் காரணம் இதுவே எனப் பல மெக்கானிக்குகள் கண்டறிந்துள்ளனர். எனவே அப்பட்டியைப் புதுப்பித்து, அது பொருந்துமிடத்தைப் பூச்சு நீங்கச் சுரண்டி, இறுக்கியபின் வசிலீன் பூசுதல் வேண்டும்.

வேலை தொடங்குமுன் உடலோடு இணைந்த முனையை முதலிற் கழற்றி, முடிவில் அதனையே இறுதியாகப் பூட்டுக. பற்றரி வெளிவிடும் வாயு எரியக்கூடியது; அருகே சுருட்டும் தீக்குச்சியும் ஆகா. ஒல்ரனேற்றர் ஓடுகையில் பற்றரியைக் கழற்றலாகாது. உடலில் மின்னொட்டு வேலை செய்விக்குமுன் ஒல்ரனேற்றரின் இணைப்புகளைப் பிரித்துவிடுதல் வேண்டும். சாவி திருப்பியதும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிகின்றதா என்பதையும் நோக்குக. அவ்விளக்கின் வழியாகவே ஒல்ரனேற்றரின் காந்தத்துக்கு முதல் மின் செல்கின்றது. குமிழ் பழுதுற்றால் மின் பிறப்பதும் தடைப்படலாம்.

எல்லாம் முடிந்தபின் வோல்ற்றுமானியே சாட்சி. எஞ்சின் ஓடி விளக்குகள் எரிகையில், பற்றரியில் 14 வோல்ற்று அளவு தோன்ற வேண்டும். ஒல்ரனேற்றரின் வெளியீட்டு முனைக்கும் பற்றரியின் நேர்முனைக்கும் இடையே கால் வோல்ற்றுக்கு மேல் தோன்றினால், எங்கோ ஒரு முடிச்சுத் தளர்ந்துள்ளது என்பது பொருள்.

36 அம்பியர் நன்றெனின் 100 அம்பியர் அதனினும் நன்றோ எனச் சிலர் வினவுவர். அன்று. மைனரின் ஒற்றைப் பட்டியே நீர்ப்பம்பியையும் சுழற்றுகின்றது. அது நழுவினால் அல்லது அறுந்தால் எஞ்சினே வெந்துவிடும். மேலும், பழைமையை மாற்ற விரும்பாதவர் டைனமோவை வைத்துக்கொண்டு, கம்பிகளைப் புதுப்பித்து, முனைகளைத் துலக்கி, மின்செலவைக் குறைத்தாலும் பெரும்பயன் பெறுவர். மாற்றுவோர் கழற்றிய டைனமோவையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் எறிந்துவிடாது பேணுதல் நன்று; பின்னொரு நாள் வண்டியைப் பழைய நிலைக்கு மீட்க அவை வேண்டப்படும்.

பிறப்பிடம், வழி, சேமிப்பிடம் என்னும் மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக அமைதல் வேண்டும். ஒன்றை மட்டும் பெருப்பித்து மற்றவற்றை மறப்பவர், மழையிரவில் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஆபத்தையும் ஏற்றிச் செல்கின்றார். துவிச்சக்கர வண்டியைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் தளர்ந்த இணைப்பு ஒவ்வொன்றையும் காதாலேயே கண்டுபிடித்தார்கள். காரின் கம்பியோ அவ்வாறு பேசுவதில்லை. அது சூடேறுமுன் கையால் தொட்டுப் பார்ப்பதும், மானியால் அளந்து பார்ப்பதும் உரிமையாளரின் கடமையாகும்.