மாணவர்கள் கேட்கட்டும்



செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தேன். கட்டுரை வாசிப்பவர்கள் அத்தனை பேரும் பேராசிரியர்கள். மாணவர்களுக்கு இரண்டு வேலைகள்: தொடக்கத்தில் கைதட்டுவது, முடிவில் சான்றிதழ் வாங்குவது. நம் கருத்தரங்குகளின் வழக்கம் அது. ஆனால் இன்றைய பொருளுக்கு அந்த வழக்கம் பொருந்தாது.

2020இல் இங்கிலாந்தில் கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வுகளான ஏ-லெவல் தேர்வுகள் நடக்கவில்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்டுத் தந்த தரங்களைத் தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவல் ஒரு கணினிச் சூத்திரத்தில் இட்டுத் திருத்தியது. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகள் அந்த ஆண்டு மாணவரின் தரத்தை இழுத்துப் பிடித்தன. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வெளியானபோது ஏறத்தாழ 40 விழுக்காடு தரங்கள் ஆசிரியர் தந்ததைவிடக் குறைந்திருந்தன. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் மதிப்பீட்டுக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்தது. அத்தகைய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். லண்டனில் கல்வித் துறை அலுவலக வாசலில் மாணவர்கள் திரண்டார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது.

சூத்திரத்தை வகுத்தவர்கள் கணக்கு அறியாதவர்கள் அல்லர். தரங்கள் தாறுமாறாக ஏறிவிடக் கூடாது என்ற அவர்களின் கவலையிலும் நியாயம் உண்டு. “பின்தங்கிய பள்ளியில் ஒருத்தி நன்றாகப் படித்தால் அவள் கதி என்ன?” என்பது பிளஸ் டூ மாணவிக்குக்கூடத் தோன்றும் கேள்வி. ஆனால் அது அதிகாரத்தின் காதில் ஏறியது, வாசலில் முழக்கம் எழுந்த பிறகுதான்.

அது அங்கே நடந்தது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, ‘எழுதியது மனிதரா, இயந்திரமா’ என்று கண்டறியும் ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாக முடிவு கட்டின. எளிய சொற்களில், எதிர்பார்க்கத்தக்க வாக்கியங்களில் எழுதியதே அக்கட்டுரைகளின் குற்றம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று வழிகாட்டிகளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட கருவியின் அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு மாணவரை விசாரிக்கும் குழுவில் மாணவர் ஒருவரும் இல்லை என்றால், அறம் பற்றி நாம் இங்கே வாசிக்கும் கட்டுரைகளால் பயன் இல்லை.

மாணவர்களுக்கு அனுபவம் போதாது என்பார்கள். முகம் அறியும் மென்பொருள் தன் கருநிற முகத்தைக் கண்டுகொள்ளாமல், வெள்ளை முகமூடி அணிந்ததும் கண்டுகொண்டதைக் கவனித்த ஜாய் புவோலம்வினி அப்போது எம்.ஐ.டி. மாணவி. ஆய்வாளர் டிம்னிட் கெப்ருவுடன் அவர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய வணிக மென்பொருள்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில் கருநிறப் பெண்களிடம் செய்த பிழை 34.7 விழுக்காடு வரை போனது. வெள்ளை நிற ஆண்களிடம் அது ஒரு விழுக்காட்டைக்கூடத் தாண்டவில்லை. புவோலம்வினி அந்தப் பிழையைப் பிடித்ததே சொந்த அனுபவத்தால்தான்.

இன்னொன்று. அறத்தைத் தனித் தாளாக்கிப் பாடத்திட்டத்தில் சேர்த்தால் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அடுத்த பருவத்திலேயே அதற்கு நோட்ஸ் வந்துவிடும், இரண்டு மதிப்பெண் வினாவும் வந்துவிடும். ஹார்வர்டில் 2017 முதல் மெய்யியல் துறையினர் கணினி வகுப்புக்குள்ளேயே வந்து, அன்றைய பாடத்தை ஒட்டியே விவாதம் நடத்துகிறார்கள். நம் தமிழ், சமூகவியல், கணினித் துறைகள் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தானே இருக்கின்றன!

அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் மூன்று கேள்விகளை மாணவர்களே கேட்கட்டும். அதுவரை பேராசிரியர்கள் கை தூக்க வேண்டாம். மாணவர்கள் சொல்வதை நிறைவு அறிக்கையில் அவரவர் பெயருடன் பதிவு செய்யுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.