சிறு கல்லூரியில் நம் பிள்ளைகள்



வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் வரலாற்றை உரைக்கப் பலர் இருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் சிலர், விடுதியோடு கூடிய தனியார் கலைக் கல்லூரிகளுக்குச் செல்லத் தொடங்கியிருக்கின்றனர். பொறியியலும் செவிலியர் படிப்பும் நமக்குப் பழகிய வழிகள். வரலாறும் தத்துவமும் ஆங்கில இலக்கியமும் படிக்கப் போகிறவனைப் பார்த்து, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று நம் வீடுகளில் கேட்கின்றனர். அது தவறான கேள்வியன்று. தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று குடும்பத்தைக் கரையேற்றியவர் கேட்கும் கேள்வி. ஆனால் அங்கே பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதை நாம் கேட்பதில்லை.

இவ்வழி நமக்குப் புதியதன்று. 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை அர்மேனியன் தெருவில் 59 மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது அதுவே. பள்ளி தொடங்கிய மறு ஆண்டில், நம் இனத்துச் சிறுவர் சிலர் அங்கே படிப்பது வெளிப்பட்டது. அவர்களை நீக்க வேண்டும், அன்றேல் தனிப் பலகையில் அமர்த்த வேண்டும் என்று மற்றவர்கள் நெருக்கினர். ஆண்டர்சன் இரண்டுக்கும் இசையவில்லை. பலர் பள்ளியை விட்டு வெளியேறினர்; நாளடைவில் அவர்களுள் பலர் திரும்பியும் வந்தனர். வெளியேறியவர்களைப் பற்றியும் பாதிரியாரைப் பற்றியும் நூல்கள் பேசுகின்றன. அந்தச் சிறுவர்கள் அன்று மாலை வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவர் நம்மவரே. நமது பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், கோயம்புத்தூரில் தாம் பயின்ற நாள்களைத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். ஊரும் பேரும் சாதியும் தெரிந்துவிடுமே என்று அஞ்சி, மற்றப் பிள்ளைகளோடு கலந்து விளையாடாமல் ஒதுங்கியிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு வீற்றிருந்த பெருமகனின் மாணவப் பருவம் இது! பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவோ கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஆசிரியப் பணி புரிந்து, பாடநூல்கள் எழுதி, சட்டமன்றம் சென்றார். சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

இன்று தனிப் பலகை இல்லை. ஆனால் கேள்விகள் இருக்கின்றன. "எந்த ஊர்?" என்பது முதற்கேள்வி. "ஊரில் எந்தப் பக்கம்?" என்பது இரண்டாவது. "அப்பா என்ன செய்கிறார்?" என்பது மூன்றாவது. கேட்பவன் அன்போடுதான் கேட்கிறான். மூன்றாவது கேள்விக்குள் நம் பிள்ளை சோற்றைப் பிசைந்தபடியே குனிந்துவிடுகிறான்.

பெரிய கல்லூரியில் கடைசிப் பலகையில் மறைந்துகொள்ளலாம். சிறிய கல்லூரியில் அதற்கு வழியில்லை. 1915-இல் பெண்களுக்கெனச் சென்னையில் தோன்றிய மகளிர் கிறித்தவக் கல்லூரி 41 மாணவியருடன் தொடங்கியது. அத்தகைய வகுப்பில் ஒருத்தி வாய் திறவாதிருந்தால் எவர் கண்ணிலும் படும். நம் பள்ளியில் படித்து அப்படியொரு கல்லூரிக்குச் சென்ற மாணவன், முதல் பருவ விடுமுறையில் நம்மைக் காண வந்தான். பாடத்தை ஒப்பிப்பதில் அவனை வெல்ல இங்கே ஆளில்லை. "ஐயா, அங்கே ஒப்பிக்கச் சொல்வதில்லை, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள். நான் நினைப்பதை யாரும் இதுவரை கேட்டதில்லையே," என்றான். பன்னிரண்டு ஆண்டுகள் அவனுக்குப் பாடம் சொன்ன நம் பள்ளிகள் அனைத்துக்கும் அதில் விடை சொல்லும் கடமை உண்டு.

அவனை வீட்டுக்கு விரட்டப் பார்த்தது ஆங்கிலம் அன்று. உதவித்தொகை வந்து சேரவில்லை. உணவுக் கட்டணம் நிலுவை. பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறிற்று. உதவித்தொகை வந்தே தீரும், ஆனால் பசி அதற்காகக் காத்திராது. அவன் அத்தை கம்மலை அடகு வைத்தார். அவன் நின்றான். இரண்டாம் ஆண்டில் அதே வகுப்பில் எழுந்து, பஞ்சமி நிலம் பற்றிக் கட்டுரை படித்தான். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கையை நூலகத்தில் தேடி எடுத்து, தன் பாட்டனாரின் ஊரைப் பற்றியும் பேசினானாம். ஆசிரியர் குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார். சிறு கல்லூரியின் பயன் அதுதான்; அங்கே ஒருவன் பேசினால் கேட்க ஆள் உண்டு. அதனால்தான், கடினமானது என்றறிந்தும், அங்கே செல்லுங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்கிறோம். ஊரையும் தெருவையும் மறைக்க வேண்டா. மறைப்பதற்குச் செலவாகும் அறிவைப் படிப்புக்குச் செலவிடுங்கள்.

ஆனால் அத்தையின் கம்மலை நம்பி ஒரு சமுதாயம் பிள்ளைகளை அனுப்பலாகாது. பரிசுக் கோப்பைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் தொகையில் ஒரு பகுதியை (விழாக் குழுவினர் பொறுத்தருள்க) முதல் பருவ முன்பணமாக ஒதுக்க வேண்டும். உதவித்தொகை கைக்கு வந்ததும் மாணவர் திருப்பிக் கட்டுவர். சேர்க்கை நாளன்று, முன்னரே அங்கே படித்த ஒருவர் உடன் செல்ல வேண்டும். ஆவடியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடிக்கும் அந்தப் பயணத்தில், விடுதியில் என்ன கேட்பார்கள், எப்படி விடை சொல்லலாம் என்பதைப் பேசிக்கொண்டே போகலாம். மூன்றாம் மாதம் ஒருமுறை நேரில் சென்று பார்க்கவும் வேண்டும். பிள்ளைகள் ஓடி வந்துவிடுவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

இவ்வாண்டு கல்லூரியில் சேர இருப்போர் தம் பெயரை இன்றே செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். உடன் செல்ல இசைபவர்களும் அதே ஏட்டில் எழுதுங்கள். நம் பெயரை முதலில் எழுதியிருக்கிறோம்.