அம்மா, ஓசூர் பஸ், ஒரு சொட்டு ரத்தம்



மைக்ரோ, நானோ என்று என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஜவளகிரிக்காரன். எங்கம்மாவிடமிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச்சே வரும்.

அம்மாவுக்குச் சர்க்கரை. ரத்தம் பார்க்க வெறும் வயிற்றோடு தளி வழியாக ஓசூர் பஸ் ஏறணும். ராகி விளையும் மாசத்தில் ரோட்டில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். போவதற்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் பத்தியம் இருப்பாங்க. ரிசல்ட் பிரமாதமாக வரும்! ஹெச்பிஏ1சி சோதனையிடம் இந்த வித்தை பலிக்காது. சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை மூன்று மாசக் கதையைச் சொல்லிவிடும்.

அந்தச் சோதனையை ஊருக்கே கொண்டுபோவதுதான் என் வேலையாகிப்போச்சு. தலைமுடி அகலத்துக்குக் கால்வாய் செதுக்கிய ஒரு சில்லு. அவ்வளவு குறுகலில் இரண்டு திரவங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், சுலபத்தில் கலக்காது. ஏசி அறையில் அருமையாக ஓடியது. மூன்று வருஷ உழைப்பு. மார்கழியில் எங்க வீட்டுத் திண்ணையில் வைத்தேன். குளிரில் அம்மா விரலைக் குத்தினால் ரத்தமே வரவில்லை. தேய்த்துச் சூடாக்கி எடுத்தால், கரண்ட் போய் பம்ப் நின்றது. கால்வாயில் ஒரு காற்றுக்குமிழி அடைத்துக்கொண்டது. "ஏன்டா கண்ணு, இதுக்கு நான் ஓசூருக்கே போயிருப்பேனே" என்றாங்க.

2007-ல் ஹார்வர்டில் ஒயிட்சைட்ஸ் குழுவினர் காகிதத்திலேயே கால்வாய் வரைந்து காட்டினார்கள். திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி திரவம் தானே ஏறும், பம்ப் வேண்டாம். படித்தபோது வெட்கமாக இருந்தது. நம்ம வீட்டு விளக்கிலேயே இருந்த விஷயம்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நவகாந்த பட், 1999-ல் சேர்ந்தவர், வினய் குமாருடன் 2015-ல் பாத்ஷோத் நிறுவனம் தொடங்கி, ஹெச்பிஏ1சி உள்பட பல சோதனைகளைக் கையடக்கக் கருவியில் கொண்டுவந்தார். 2018-ல் இன்போசிஸ் பரிசும் பெற்றார். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்? ஆனால் அம்மா அதற்கு முன்பே, 2013-ல், போய்விட்டாங்க. சிறுநீரகம்.

இப்போது காகிதப் பட்டையில்தான் வேலை செய்கிறேன். குளிரில் எவ்வளவு குறைந்த ரத்தத்தில் அது சரியாகச் சொல்லும் என்று பார்க்கணும். மார்கழியில் ஜவளகிரிக்கு வர விருப்பமுள்ள இறுதியாண்டு மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். களி எங்க வீட்டில். யானை வந்தால் பஸ் தாமதமாகும், அவ்வளவுதான்.