மலை யாருக்கு?
சூழல் சுற்றுலாவும் உழைப்பாளி மக்களும்

(கூடலூரில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சுற்றுலா. இது கட்சி வகுப்பில் பேசுகிற விஷயமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். லாட்ஜில் அறை துடைக்கும் பெண்ணும், டாக்சி ஓட்டும் இளைஞனும், சாலையோரத்தில் காரட் விற்கிறவரும் நீலகிரியில் இந்தத் தொழிலை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்கள் பிரச்னை நம் பிரச்னைதான்.

காடு கெடாமல், அங்கே வாழும் மக்களுக்குப் பயன் கிடைக்கும்படி, வருகிறவரும் இயற்கையை அறிந்து திரும்பும்படி நடத்துவதற்குச் சூழல் சுற்றுலா என்று பெயர். ஐக்கிய நாடுகள் சபை 2002-ஐச் சூழல் சுற்றுலா ஆண்டாகவும், 2017-ஐ வளர்ச்சிக்கான நீடித்த சுற்றுலா ஆண்டாகவும் அறிவித்தது. கொள்கை நல்ல கொள்கை. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பங்களா வந்த கதை

1820-களில் வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் கல் வீடு கட்டினார். தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடங்கள் துரைமார்களின் பங்களாக்களும் தோட்டங்களுமாயின. உதகை சென்னை மாகாண சர்க்காரின் கோடைக்காலத் தலைநகராயிற்று. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ரயில் வந்தது. புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். 1947-இல் வெள்ளைக்காரன் போனான், பங்களா போகவில்லை. அன்று துரைக்கு, இன்று பணக்காரனுக்கு. மலையின் மைந்தன் அன்றும் வாசலில் நின்றான், இன்றும் வாசலில் நிற்கிறான்.

யானை வழியில் சொகுசு விடுதி

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது சேகூர் சமவெளி. தீவனமும் தண்ணீரும் தேடி யானைக் கூட்டங்கள் இதைக் கடக்கின்றன. இந்த வழியில்தான் வரிசையாக சொகுசு விடுதிகள் எழுந்தன. வேலி போட்டார்கள், விளக்குப் போட்டார்கள், இரவு ஜீப் சவாரி நடத்தினார்கள்; பலகையில் மட்டும் 'இயற்கை' என்று எழுதினார்கள்.

2010 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் இதை யானை வழித்தடம் என்று அறிவித்தது. 2011-இல் சென்னை ஹைக்கோர்ட் அதை ஏற்றது. 2018 ஆகஸ்டில் 27 விடுதிகளை 48 மணி நேரத்தில் பூட்டும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இறுதித் தீர்ப்பு வந்தது 2020 அக்டோபரில். பத்து ஆண்டுகள்! ஓர் ஏழையின் குடிசையை இடிக்க பத்து நாள் எடுத்துக்கொள்வார்களா?

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் என்ன நடந்தது? 2021 ஜனவரியில் மசினகுடியில், ஏற்கெனவே காயம்பட்டிருந்த ஒரு யானை மீது விடுதிக்காரர்கள் எரியும் டயரை வீசினார்கள். யானை செத்தது. அதன் பிறகே அந்த விடுதிக்குப் பூட்டு விழுந்தது. லாபம் என்று வந்துவிட்டால் பசும்பலகை எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வழித்தடத்துக்குள் ஆதிவாசிகளும் சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களையும் விடுதி முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது நம் உறுதியான நிலை.

வெளியே போ, உள்ளே வா

வன உரிமைச் சட்டம் 2006-இல் நிறைவேறியது. ஆதிவாசி அமைப்புகளும் இடதுசாரிகளும் விடாமல் போராடிய பலன் அது. காட்டைக் காக்கவும் பயன்படுத்தவும் கிராம சபைக்கு அது உரிமை தருகிறது. காகிதத்தில் இருக்கும் இந்த உரிமை இன்னும் எத்தனை குடியிருப்புகளின் கைக்கு வந்து சேரவில்லை!

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறை, புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்கு இடம் தந்தது. அதே ஆணையம் 2024 ஜூனில், மையப் பகுதிகளிலுள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடம் மாற்றும் வேலையை விரைவுபடுத்தச் சொன்னது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவரைப் பார்த்து 'வெளியே போ'. டிக்கெட் வாங்கியவரைப் பார்த்து 'உள்ளே வா'. இதுவா பாதுகாப்பு?

இ-பாஸும் சிறு வியாபாரியும்

நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்கு ஏறின என்று கோர்ட்டில் கணக்குச் சொல்லப்பட்டது. 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு, வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று ஹைக்கோர்ட் வரம்பு கட்டியது. வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தார்கள்.

நாம் என்ன சொல்கிறோம்? மலைக்கு ஒரு தாங்கும் சக்தி உண்டு. 2009 நவம்பரில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நீலகிரி மறக்காது. ஆகவே வரம்பு தேவை. ஆனால் அந்தப் பாரம் சிறு வியாபாரியின் தலையில் விழக் கூடாது. அவருக்கு வேண்டியது வாடிக்கையாளர்; கார் அல்ல. ஒரு காரில் நாலைந்து பேர் வருகிறார்கள். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர். சர்க்கார் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களைக் கோர்ட்டே தடுக்கவில்லை. அப்படியானால் பஸ்களைப் பெருக்கு! கார் குறையும், கூட்டம் குறையாது, காற்றும் கெடாது.

முடியும் என்பதற்கு ஒரு சாட்சி

தேக்கடியைப் பாருங்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் திருட்டுத்தனமாகக் காட்டு இலவங்கப் பட்டை உரித்து, வழக்குக்குப் பயந்து ஒளிந்து திரிந்தவர்களை 1990-களின் பிற்பகுதியில் ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். இன்று அவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள், காவலும் அவர்களே. உலக வங்கிப் பணத்தில் தொடங்கிய திட்டம்தான். அந்தப் பணம் தீர்ந்த பிறகும் அது நிற்கிறதென்றால், வருமானமும் பொறுப்பும் அந்த மக்கள் கைக்கு வந்ததுதான் காரணம். காட்டை அறிந்தவனிடம் காட்டை ஒப்படைத்தால் காடும் பிழைக்கும், அவனும் பிழைப்பான்.

நமது கோரிக்கைகள்

வன உரிமைப் பட்டாக்களை உடனே வழங்கு! கிராம சபையின் சம்மதமின்றிக் காட்டில் சுற்றுலாத் திட்டம் கூடாது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்தக் குடியிருப்புக்குச் சேரட்டும். விடுதித் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி, எட்டு மணி வேலை, ஈ.எஸ்.ஐ., பி.எப். உறுதியாகட்டும். சீசன் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் ஒழியட்டும்.

தோழர்களே, மே தினத்தன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அதற்குள் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள விடுதித் தொழிலாளர்களையும் ஆதிவாசிக் குடியிருப்புகளையும் நேரில் சந்திக்க வேண்டும். கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கொடியேற்றிய கையோடு சபைக்குப் போவோம். மலை யாருக்கு என்ற கேள்விக்கு, மலையில் உழைக்கிறவர்களே எழுந்து நின்று பதில் சொல்லட்டும்!