தமிழ்த் தளம் குடிபெயரும்போது

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் சிலர், தம் சங்கத்துக்கென வீட்டுக் கணினியிலேயே வேர்ட்பிரஸ் தளம் சமைத்து, முதியோர் எழுதித் தந்த நினைவுக் குறிப்புகளையும் அதில் சேர்த்து, பின்னர் வாடகை வழங்கிக்கு மாற்றுகின்றனர். கோப்புகளை ஏற்றுதல் எளிது; இடர் தரவுத்தளத்தில்தான். மைஎஸ்கியூஎல், 2018இல் நிலைபெற்ற 8.0 பதிப்புக்கு முன், லத்தீன் குறிமுறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. அத்தகைய பழைய வழங்கியில் குறிமுறை குறிக்காது அட்டவணை அமைப்பின், தமிழெழுத்துகள் கேள்விக்குறிகளாய் மாறிப் பதிவாகக்கூடும். அப்பிரதியிலிருந்து அவற்றை மீட்க இயலாது! ஆதலின் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிலும் யூடிஎஃப்8எம்பி4 என்றே குறித்தல் வேண்டும்.

'லோக்கல்ஹோஸ்ட்' முகவரியை வெறும் எழுத்துத் தொகுப்பானில் மாற்றுவதும் தகாது. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை அவற்றின் நீளத்தையும் எண்ணாகக் குறித்தே சேமிக்கிறது. முகவரி நீண்டால் அவ்வெண் பொய்த்துவிடும். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை அவ்வெண்ணையும் திருத்தும். புதிய தளத்தில் தமிழ்ப் பக்கங்களைப் படித்துப் பார்க்கும்வரை வீட்டுப் பிரதி இருக்கட்டும்.